விபத்துக் கணக்கு குறைந்தால் தொழிலாளர் உடல்நலம் கூடிவிட்டதா?

திருமங்கலத்துக்கு அப்பால் உள்ள ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் வேலைபார்க்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான். ஐந்தாண்டுகளுக்கு முன் ஓராண்டில் 14 ஆக இருந்த வேலையிழப்பு விபத்துகள் (அடிபட்டவர் வேலைக்கு வர இயலாமற்போன விபத்துகள்) சென்ற ஆண்டில் 5 ஆகக் குறைந்திருக்கின்றன. தொழில்சார் நோய் என்ற தலைப்பின் கீழ் எல்லா ஆண்டுகளிலும் ‘இல்லை’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. இதே காலத்தில் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை 420-இலிருந்து 310 ஆகிவிட்டது. துப்புரவுக்கும், நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றி மாற்றும் டாஃபிங் வேலைக்கும் ஒப்பந்தக்காரர் மூலம் 90 பேர் வருகிறார்கள். இவற்றை வைத்து ‘எங்கள் தொழிலாளர்களின் உடல்நலம் மேம்பட்டிருக்கிறது’ என்று ஆண்டறிக்கையில் எழுதலாமா?

எழுத வேண்டாம் என்பதே என் பதில். அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டில் ஏறும் எண் முதலில் அதை எழுதியவரைப் பற்றியும் எழுதச் சொன்ன சட்டத்தைப் பற்றியும் பேசுகிறது, தொழிலாளியின் உடலைப் பற்றி அது பேசுவது அதற்குப் பிறகுதான் என்கிறேன். விபத்தைப் பொறுத்தவரை இந்தக் குறையைக் கொஞ்சம் சரிக்கட்ட முடியும். நோயைப் பொறுத்தவரை உங்கள் பதிவேடு ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வேலைசெய்த ஆட்களும் மணிகளும் மாறிவிட்டதால் 14-ஐயும் 5-ஐயும் அப்படியே ஒப்பிட இயலாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3786 தரநெறி, வேலையிழப்பு விபத்துகளைப் பத்து லட்சம் மனித மணிக்கு இத்தனை என்று வீதமாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி என்று கொண்டால் 420 பேர் உழைத்தது 10,08,000 மணி, வீதம் 13.9. 310 பேர் உழைத்தது 7,44,000 மணி, வீதம் 6.7. மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாகத் தோன்றியது பாதியளவே குறைந்திருக்கிறது. இனி அந்த 90 ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்த்துப் பாருங்கள். அவர்களுடைய காயங்கள் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருக்கலாம், எங்குமே இல்லாமலும் போகலாம். அவர்களில் மூவர் அடிபட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8 விபத்து, 9,60,000 மணி, வீதம் 8.3. ஆபத்தான வேலையை நிரந்தரத் தொழிலாளரிடமிருந்து ஒப்பந்தத் தொழிலாளருக்கு மாற்றினாலே, ஒருவர் உடம்பும் தேறாமல், உங்கள் எண் அழகாகிவிடும். மிகை நேரத்தையும் மறக்க வேண்டாம். ஆள் குறைந்த பிறகு பன்னிரண்டு மணி ஷிப்டு ஓடியிருந்தும் வருகைப் பதிவேட்டில் எட்டு மணியே எழுதப்பட்டிருந்தால், மேற்சொன்ன வகுத்தல்கூடத் தவறான மணிக்கணக்கின் மேல் நிற்கிறது.

இத்தனையும் சரிசெய்த பிறகு தற்செயல் என்ற ஒன்று மிஞ்சி நிற்கிறது. ஆலையின் உண்மையான அபாயம் இம்மியும் மாறாமல் இருந்திருந்தாலும், நிரந்தரத் தொழிலாளருக்கு நேர்ந்த 19 விபத்துகள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கிடையே இவ்வளவு சாய்வாகப் பிரிவதற்கு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் பொறுக்கி எடுக்காமல் ஐந்தாண்டு எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இடையில் ஒரு முறை 3 ஆகி மறுபடி 11 ஆகியிருந்தால், போக்கு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. இழந்த நாட்களைக் கொண்டு கணக்கிடும் கடுமை வீதத்தைச் சிறிய ஆலைக்குப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு மரணத்துக்கு 6,000 நாள் என்று அந்தத் தரநெறி வைத்திருப்பதால், ஒரே ஒரு சாவு பத்தாண்டுக் கணக்கையும் விழுங்கிவிடும்.

அடுத்து, ஒரு விபத்து பதிவேட்டுக்கு வந்துசேரும் பாதை. உங்கள் பழைய ஆண்டுகளின் அறிக்கைகள் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி எழுதப்பட்டவை. அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர இயலாமற்போனால்தான் அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. தற்காலிக ஊனப் பலன் தருவதற்கோ, விபத்து நாளை விட்டுக் குறைந்தது மூன்று நாள் வேலை இழந்திருக்க வேண்டும். இந்த வரம்புகளின் விளிம்பில் என்ன நடக்கும் என்பதை ஆலைப்பக்கம் பழகியவர்கள் எல்லோரும் அறிவார்கள். பஞ்சைச் சீவும் கார்டிங் எந்திரத்தில் விரல் நசுங்கியவர் தனியார் மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் ஆலை வேனிலேயே அழைத்துவரப்படுவார், டைம் ஆபீசில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்கப்படுவார், வருகை பதியப்படும், சம்பளம் முழுதாகக் கிடைக்கும். தொழிலாளிக்கும் அப்போதைக்கு அது நன்மையாகவே படும். விபத்து மட்டும் பிறக்காமலே போய்விடும். வாயிலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பலகை மாட்டி, நூறு நாள் தாண்டினால் ஷிப்டு முழுவதற்கும் பரிசு என்று அறிவித்திருக்கும் ஆலைகளில் இந்த அழுத்தம் சக தொழிலாளரிடமிருந்தே வருகிறது. தொண்ணூற்றெட்டாம் நாளில் அடிபட்டவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

உங்கள் பதிவேடு நேர்மையாக எழுதப்பட்டதா என்பதை அதற்குள்ளேயே ஓரளவு சோதிக்கலாம். வேலையிழப்பு இல்லாத சிறு காயங்கள், அதாவது முதலுதவிப் பெட்டியோடு முடிந்தவை, எத்தனை என்று எண்ணுங்கள். இ.எஸ்.ஐ. படிவம் 11 என்ற விபத்துப் புத்தகத்தில் பெரிய காயங்கள் மட்டும் இருந்து சின்னவை ஒன்றுமே இல்லையென்றால், அந்த ஆலையில் சின்ன விபத்து நடப்பதில்லை என்று நம்ப இடமில்லை. பின் காரணம் எழுதும் கட்டத்தைப் படியுங்கள். மேலிருந்து கீழ்வரை ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று ஒரே கையெழுத்தில் இருந்தால், அது புலனாய்வு நடவாத பதிவேடு. அதற்குப் பதில் விபத்து நடந்த மணியையும், அடிபட்டவர் வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் இரு கட்டங்களாகச் சேர்த்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களே முதல் சில மாதங்களில் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஆள் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருக்கும் ஆலைக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை.

நாட்டளவில் இதே கோளாறு எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஒப்பீடு போதும். இந்தியாவில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளின் கணக்கை மாநிலங்களிலிருந்து திரட்டுவது மும்பையில் உள்ள, தொழிற்சாலை ஆலோசனைச் சேவைக்கான மத்தியத் தலைமை இயக்ககம். அதன் தரவுப்படி 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,109 பேர் இறந்தார்கள், 4,000 பேருக்குச் சற்று மேல் காயமடைந்தார்கள். ஒரு சாவுக்கு நான்கு காயம். பிரிட்டனில் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை பணியிட விபத்தில் இறந்தவர்கள் 138 பேர். முதலாளிகள் அறிவித்த காயங்கள் 61,663. ஒரு சாவுக்கு நானூற்றைம்பது காயம். அங்கே ஏழு நாளுக்கு மேல் வேலை இழந்தால்தான் அறிவிப்பு என்பதே பொது விதி. நம் சட்டத்திலோ 48 மணி. ஆகவே நம்முடைய விகிதம் அவர்களுடையதைவிடப் பெரிதாக அல்லவா இருக்க வேண்டும்? நம் கணக்கு ஆலைகளுக்கு மட்டும், அவர்களுடையது எல்லாப் பணியிடங்களுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டைக் கொண்டு நூறு மடங்கு இடைவெளியை விளக்க முடியாது. நம் ஊரில் சாவை மறைப்பது கடினம், காயத்தை மறைப்பது எளிது என்பதே விளக்கம். அதனால்தான், காயக் கணக்கு குறைந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் சாவுக் கணக்கும் அதனோடு சேர்ந்து இறங்கியதா என்று முதலில் கேட்பது என் வழக்கம். தனி ஓர் ஆலைக்கு இந்த உரைகல் உதவாது, ஏனெனில் அங்கே சாவு மிக அரிது. மதுரை, விருதுநகர், திண்டுக்கல், தேனி ஆகிய நான்கு மாவட்ட ஆலைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது உதவும்.

முதலாளியின் அறிக்கையை மட்டும் நம்பாமல் வீட்டுக்கு வீடு போய்த் தொழிலாளரையே கேட்பதும் ஒரு வழி. பிரிட்டன் அதையும் செய்கிறது. அதே ஆண்டில் அந்தக் கணக்கெடுப்பு சொன்ன காயங்கள் 6,04,000. சிறு காயங்களையும் சேர்ப்பதால் அது பெரிதாகத்தான் இருக்கும் என்றாலும், பத்து மடங்கு என்பது சிந்திக்கவைக்கும் இடைவெளி. நம்மிடம் அத்தகைய கணக்கெடுப்பு இல்லாத நிலையில், வேறு கைகள் எழுதிய ஏடுகளைத் தேட வேண்டியிருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அடிபட்டு வருபவர் யாராயினும் விபத்துப் பதிவேட்டில் ஏறுவார், ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகல்தான். எங்கே, எப்படி அடிபட்டது என்று பணியிலிருக்கும் மருத்துவர் அதில் எழுதுவதற்கும் ஆலையின் விபத்து எண்ணுக்கும் யாதொரு ஆதாயத் தொடர்பும் இல்லை. தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் மருந்தகங்களிலும் வழங்கப்படும் மருத்துவ விடுப்புச் சான்றுகள் இன்னோர் ஏடு. காவல் நிலையத்தில் சந்தேக மரணமாகப் பதிவாகும் வழக்குகள் வேறோர் ஏடு. இவற்றில் இரண்டை எடுத்து, இரண்டிலும் உள்ளவர், ஒன்றில் மட்டும் உள்ளவர் என்று பிரித்தாலே, விடுபட்டது எவ்வளவு என்று நியாயமாக மதிப்பிடலாம்.

ஏடுகளுக்கு இடையே விழும் மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வட்டாரத்தில் அவர்கள்தான் அதிகம். மேலூர்ப் பக்கம் கீழவளவிலும் கீழையூரிலும் கிரானைட் குவாரியில் துளைபோட்டவர் அப்போது நடப்பில் இருந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ், தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் கணக்கில் வருவார். அதே கல்லை மெருகேற்றும் பட்டறைத் தொழிலாளி மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் கணக்கில் வருவார். இருவரும் சுவாசித்தது ஒரே கல்தூசி. 2012-இல் முறைகேட்டு விசாரணையை அடுத்துக் குவாரிகள் நிறுத்தப்பட்டபோது அங்கே வேலைசெய்தவர்கள் கட்டட வேலை, வெளியூர் என்று சிதறினார்கள். கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வெளிப்படப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகுமாதலால், அது தலைகாட்டும்போது அவர்களுக்குக் குவாரியும் இல்லை, பதிவேடும் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் இறந்ததை நாடே அறிந்தது. உரிமம் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் திரி சுற்றும்போது கை வெந்தவர் எந்த இயக்ககத்தின் ஏட்டிலும் இல்லை. 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழிற்சாலைக் கணக்கைப் புரட்டுகிறவர் கண்ணில் இத்தகைய சாவு படுவதே இல்லை. வாடிப்பட்டியிலோ அலங்காநல்லூரிலோ வயலில் பாம்பு கடித்தவரும் வேலையில் அடிபட்டவரே. தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 நவம்பரில்தான் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது. இனி அந்த எண் ஏறும். பாம்புகள் பெருகிவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில், மின்விசை உள்ள இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்ற வரையறை 20 பேர் என்றும், மின்விசை இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40 என்றும் மாறியுள்ளது. இதற்கு முந்தைய தொழிற்சாலைப் புள்ளிவிவரத்தையும் பிந்தையதையும் ஒரே கோட்டில் வரைந்து காட்டுபவரை நம்பாதீர்கள்.

இனி நோய்க்கு வருகிறேன். உலகத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019-இல் வேலையின் காரணமாக இறந்தவர்கள் 29.3 லட்சம் பேர். அவர்களில் விபத்தில் இறந்தவர்கள் 3.3 லட்சம், எஞ்சிய 26 லட்சம் பேர் நோயால் இறந்தவர்கள். உங்கள் பதிவேட்டிலோ விபத்துக்குப் பக்கம் பக்கமாக இடமும் நோய்க்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல்லும் இருக்கின்றன. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்கள் இருந்தன. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிஸினோசிஸும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் அவற்றில் அடக்கம். அவற்றைக் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டும் என்பது அதன் விதி. நடைமுறையில் நோயாளி மருத்துவரிடம் இளைப்பு என்பார், மருத்துவர் இன்ஹேலர் எழுதித் தருவார், எந்த ஆலை, எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு என்ற கேள்வி எழாது. கல்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றுகிறது. அப்படிப்பட்டவர் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது காசநோய்ப் பதிவேட்டில் சரியாகவே ஏறுவார். ஆனால் அந்தக் காசநோய்க்கு வழிவிட்ட தூசிக்கு எந்த ஏட்டிலும் கட்டம் இல்லை. நோயாளியைப் பார்த்ததும் ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்று கேளுங்கள் என இத்தாலிய மருத்துவர் ரமாசினி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்.

நூற்பாலையில் பிஸினோசிஸ் எப்படித் தெரியும் என்றால், திங்கட்கிழமை தெரியும். ஞாயிறு ஓய்வுக்குப் பின், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமிலோ கார்டிங்கிலோ இறங்கிய சில மணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்தாற்போல் ஓர் இறுக்கம் வரும். செவ்வாய், புதன் என்று தணியும். ஆண்டுகள் போகப்போக அது எல்லா நாளும் இருக்கும், பிறகு மூச்சே குறுகிவிடும். இந்த நிலைக்கு வந்தவர் பெரும்பாலும் உங்கள் ஆலையில் இருக்க மாட்டார். ‘பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லி ஊருக்குப் போயிருப்பார். உள்ளே இருப்பவர்களை மட்டும் சோதித்தால் எல்லோரும் நலமாகவே இருப்பார்கள், ஏனெனில் நலிந்தவர்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள். தொழில் மருத்துவத்தில் ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்று சொல்லப்படும் இந்தச் சாய்வுதான், ‘நோய் இல்லை’ என்ற உங்கள் பத்திக்கு நான் மதிப்பளிக்காததற்குத் தலையாய காரணம். ஆகவே ஐந்தாண்டில் வேலையை விட்டவர்களின் பட்டியலைப் பிரிவுவாரியாக எடுத்துப் பாருங்கள். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருந்தவர்கள் நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர் பிரிவினரைவிட விரைவாக வெளியேறியிருந்தால், அந்தப் பட்டியல் உங்கள் நோய்ப் பதிவேட்டைவிட அதிகம் பேசும். கிடைத்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் தடையில்லை.

நோய் எண்ணுக்காகக் காத்திருப்பதில் இன்னொரு குறை, அது பத்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆலையைப் பற்றித்தான் சொல்லும். இன்றைய ஆலையைப் பற்றி அறிய இன்றைய தூசியை அளக்க வேண்டும். அமெரிக்கா 1978-இல் நூல் நூற்கும் பிரிவுகளில் பஞ்சுத் தூசி ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதித்து, தூசியை அளப்பதையும் தொழிலாளரின் மூச்சைச் சோதிப்பதையும் கட்டாயமாக்கியது. அதற்குப் பின் அங்கே பிஸினோசிஸ் பெரிதும் அருகியது. மூச்சுச் சோதனை செலவு மிக்கதன்று. ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பார்த்து, ஒருவருக்கு எவ்வளவு இறங்கியது என்று குறிப்பதுதான் அது. அவரவர் பழைய அளவோடு அவரவரை ஒப்பிடுவதால் நலிந்தவர் வெளியேறிய சாய்வும் இதில் குறையும். நூல் நூற்கும், இரைச்சல் மிக்க ரிங் ஃபிரேம் கூடத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை கேட்புத்திறன் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆலைக்கு வரும் மருத்துவ முகாமில் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்ப்பது நல்ல காரியமே. ஆயினும் அந்த எண்கள் பஞ்சைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஆண்டறிக்கைக்கு நான் எழுதித் தரக்கூடிய வாக்கியம் இது: ‘நிரந்தரத் தொழிலாளரிடையே அறிவிக்கப்பட்ட வேலையிழப்பு விபத்துகளின் வீதம் பத்து லட்சம் மனித மணிக்கு 13.9-இலிருந்து 6.7 ஆகக் குறைந்துள்ளது. ஒப்பந்தத் தொழிலாளரின் விபத்துகள் இதில் சேரவில்லை. தொழில்சார் நோய்க்கான சோதனை இதுவரை மேற்கொள்ளப்படவில்லை.’ நிர்வாகம் கடைசிப் பகுதியை நீக்கச் சொல்லும். நீக்குவதற்குப் பதில் சோதனையைத் தொடங்கிவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரையும் ஒரே மாதத்தில் சோதிக்க வேண்டியதில்லை. புளோ ரூமையும் கார்டிங்கையும் முதலில் எடுங்கள், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து. வார விடுமுறை முடிந்து வரும் முதல் ஷிப்டில் செய்யுங்கள். முடிவுகளைப் பெயரோடு மேலாளர் மேசைக்கு அனுப்பாமல் மருத்துவரிடமே வைத்து, பிரிவுவாரி எண்ணை மட்டும் அறிக்கைக்குக் கொடுங்கள். அளவு குறைந்தவரை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்ற பேச்சு ஒரு முறை கிளம்பிவிட்டால், அடுத்த ஆண்டு புகைபிடிப்பதையும் இருமலையும் பற்றி நீங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது.